முத்துக்கரைக்கு முதலில் வந்தது புத்தகம், பிறகுதான் வாசிப்பு



அக்டோபர் 20 என்றதும் தூத்துக்குடிக்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 1986-ல் அன்றைக்குத்தான் நெல்லையிலிருந்து பிரிந்து நம் மாவட்டம் உருவானது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லோருக்கும் இது மனப்பாடம்.

அதே தேதிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற புத்தகம் அச்சாகி வெளிவந்தது. 16 பக்கம்தான். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றுவரை கிடைக்கிற புத்தகங்களில் அதுதான் மிகப் பழையது. ஒரே ஒரு பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. (1554-லேயே லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது. ஆனால் அதில் தமிழை ரோமன் எழுத்தில்தான் அச்சடித்தார்கள்.)

கொல்லத்தில் அச்சான புத்தகத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. அதை உருவாக்கியவர் நம் கரையில் வாழ்ந்தவர். அதை உருவாக்கியது நம் கரையின் முத்துக்குளிக்கும் மக்களுக்காக. அதாவது சென்னைக்கும் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் முன்னால், அச்சடித்த தமிழ்ப் புத்தகம் வேம்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று நீளும் இந்த மணல் கரையைத் தேடித்தான் வந்தது.

ஆனால் ஒரு கேள்வி. நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே புத்தகம் வந்த ஊரில், 1990-களில் நாற்பது வயதுப் பெண்கள் ஏன் தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து 'அ' எழுதிப் பழக வேண்டியிருந்தது? நான் படிப்பது வரலாறு இல்லை, காமர்ஸ். இருந்தாலும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கிடைத்ததைப் படித்து யோசித்ததில் எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இருபத்தேழு வயதில் தமிழ் படித்தவர்

அந்தப் புத்தகத்துக்குக் காரணமானவர் அண்ட்ரிக்கே அடிகளார். போர்ச்சுகீசியப் பெயர் என்ரிக்கே என்ரிக்கஸ். 1520-ல் போர்ச்சுகலில் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தவர். 1546-ல் இந்தியாவுக்கு வந்து, அடுத்த வருஷம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது சுமார் 27. தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆரம்பத்தில் மொழிபெயர்ப்பவரை வைத்துக்கொண்டுதான் மக்களிடம் பேசினார்.

பிறகு உட்கார்ந்து படித்தார். பேச மட்டும் இல்லை, எழுதவும் வாசிக்கவும். வெளிநாட்டுக்காரர்கள் தமிழ் கற்பதற்காக ஒரு இலக்கணமும் எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பனில் இருக்கிறது. 1586-ல் அடியார்களின் வரலாறுகளைச் சொல்லும் அறுநூறு பக்கத்துக்கும் மேற்பட்ட ஒரு தமிழ் உரைநடை நூலை அச்சிட்டார். (நம் மாவட்டம் பிறப்பதற்குச் சரியாக 400 வருஷம் முன்னால்!) 1600-ல் இறக்கும்வரை ஏறக்குறைய ஐம்பது வருஷம் இந்தப் பக்கத்திலேயே இருந்தார். தூத்துக்குடியில்தான் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆக, வளர்ந்து ஆளான பிறகு தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டவர் என்று இந்தக் கரையில் பெயரோடும் வருஷத்தோடும் நமக்குத் தெரிகிற ஒருவர் ஒரு போர்ச்சுகீசியர்!

அவரால் எப்படி முடிந்தது? மூன்று விஷயங்கள் அவருக்குக் கிடைத்தன. ஒன்று தேவை: தமிழ் இல்லாமல் அவர் வந்த வேலை நடக்காது. இரண்டு நேரம்: வயிற்றுப்பாட்டுக்காகக் கடலில் இறங்க வேண்டியதில்லை. மூன்று, பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆள். தேவை, நேரம், ஆள். இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க இவை திரும்பத் திரும்ப வரும்.

கேட்பதற்காக ஒரு புத்தகம்

அவர் யாருக்காகப் புத்தகம் போட்டாரோ அந்த மக்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாது. அப்படியானால் அது எப்படிப் பயன்பட்டது? ஒருவர் வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

இந்த வழக்கம் புத்தகத்துக்கும் முந்தியது. 1542-ல் இங்கே வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, தானே மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கூட்டம் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. பிள்ளைகள் தாங்கள் கற்றதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பது 16-ம் நூற்றாண்டிலேயே இங்கே நடந்திருக்கிறது, பாருங்கள்!

ஆனால் அந்தப் பாடம் காதுக்கும் நாக்குக்கும் போனதே தவிர, கண்ணுக்குப் போகவில்லை. புத்தகம் ஊருக்கு வந்தது. வாசிப்பு ஒருசிலர் கையிலேயே நின்றுவிட்டது.

இதை வைத்து மீனவர்களையோ முத்துக்குளிப்பவர்களையோ அறிவில்லாதவர்கள் என்று யாராவது நினைத்தால் அது அபத்தம். கரையே கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில், அடியில் எந்த இடத்தில் எந்தப் 'பார்' இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். (சிப்பி படியும் கடலடிப் பாறைத்திட்டைத்தான் பார் என்பார்கள்.) காற்று, நீரோட்டம், நட்சத்திரம், ஆழம் எல்லாம் அவர்கள் தலைக்குள்ளேயே இருந்தது. அறிவு நிறையவே இருந்தது. இல்லாதது எழுத்து. இரண்டும் ஒன்றல்ல.

முங்குபவர் ஒருவர், எண்ணுபவர் ஒருவர்

சரி, எழுத்து இல்லாததால் என்ன குறைந்துவிட்டது? இதற்குப் பதில் தேட முத்து வியாபாரத்தைப் பார்க்க வேண்டும். இது நம்ம ஏரியா.

கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே இறங்குவார். மேலே ஒருவர் கயிற்றைக் கவனிப்பார். கீழே இருப்பவர் உயிர் மேலே இருப்பவர் கையில். ஆங்கிலேயர் காலத்து அரசு முத்துக்குளிப்பில், கரைக்கு வந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு முங்கியவர்களுக்கு. அரசின் பங்கை ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். அதற்குப் பிறகு சிப்பி அழுகி, கழுவி, முத்து பிரிந்து, சல்லடையில் தரம் பிரிந்து, எடை போட்டு, விலை நிர்ணயம் ஆகி... ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கணக்கு. ஒவ்வொரு கணக்கையும் எழுத ஒரு ஆள்.

அந்த ஆள் முங்கியவர் இல்லை.

ஆடிட்டிங் பாடத்தில் முதலிலேயே சொல்லித்தருவார்களே, கணக்கு எழுதுபவரும் அதைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று. கயிற்றின் மேல் முனையில் யார் நிற்கிறார் என்று பார்த்து நம்பி இறங்கிய மனிதருக்கு, கணக்கு நோட்டின் மேல் முனையில் யார் இருக்கிறார் என்று பார்க்க வழியில்லை. அவருடைய உழைப்பின் கணக்கைச் சரிபார்க்க ஒருவரும் கிடையாது. எழுதுபவர் நல்லவராக இருந்தால் பிழைத்தார். இல்லையென்றால் இல்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி நாலே வருஷத்தில், 1582-ல், இங்கிலாந்தில் ஒரு வழக்கு. தரோகுட் வழக்கு என்று பெயர். தரோகுட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிலம் வைத்திருந்தார். குத்தகைக்காரர் பாக்கி வைத்திருந்தார். ஒரு பத்திரத்தை நீட்டி, "வாடகை பாக்கியை விட்டுக்கொடுக்கிறேன் என்பதுதான் இதில் இருக்கிறது" என்று அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கினார்கள். உண்மையில் அதில் இருந்தது நிலத்தின் மேல் அவருக்கு இருந்த உரிமையையே விட்டுக்கொடுப்பதாக! படிக்கத் தெரியாதவருக்குத் தப்பாக வாசித்துக் காட்டிய பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு வந்தது. பிசினஸ் லா படிப்பவர்களுக்கு இன்றும் இந்த வழக்கு வரும்.

சட்டம் கைநாட்டுக்காரருக்குப் பாதுகாப்பு தருகிறது, உண்மைதான். ஆனால் எப்போது? ஏமாந்த பிறகு, வக்கீல் வைத்து, கோர்ட் படி ஏறிய பிறகு. நம் நாட்டிலும் 1897-ம் வருஷத்து பொது விதிகள் சட்டப்படி, பெயர் எழுதத் தெரியாதவர் இடும் அடையாளமும் கையெழுத்துதான். சட்டத்துக்குப் பெருவிரல் போதும். பெருவிரலுக்குச் சொந்தக்காரருக்குத்தான் அது போதவில்லை.

பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்த முதல் கணக்கெடுப்பில், 1951-ல், இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்த பெரிய மாற்றத்தின் தொடக்கமும் இன்றைய நம் மாவட்டத்தில்தான். 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர் எட்டயபுரம். சின்ன வயதிலேயே பள்ளியை விட்டவர் அவர். பசி இருக்கிற வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்றால் ஒரு கூலியை இழப்பது என்று அவருக்குத் தெரியும். ஒரு வேளைச் சோறு போட்டு அந்த இழப்பைக் குறைத்தார். நேரத்தைக் காசு கொடுத்து வாங்கினார் என்றே சொல்லலாம்.

ஆனால் அது பிள்ளைகளுக்கு. 1956-ல் ஏற்கெனவே இருபது, முப்பது வயதைத் தாண்டியவர்கள்? அவர்களைத் தாண்டிப் பேருந்து போய்விட்டது. இதற்கிடையில் 1961-ல் பழைய முறை முத்துக்குளிப்பும் நின்றுபோனது. துறைமுகம், உப்பளம், மில், மீன் ஏலம் என்று வேலைகள் மாறின. பில், சீட்டு, பாஸ்புக், படிவம் என்று காகிதம் பெருகியது. அதாவது தேவை வந்துவிட்டது. நேரமும் ஆளும்தான் வரவில்லை.

200 மணி நேரம்

1988-ல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் கேரளாவின் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலை தமிழ்நாட்டுக்கு 'அறிவொளி இயக்கம்' என்ற பெயரில் வந்தது. மாவட்ட நிர்வாகமும் அறிவியல் இயக்கத் தொண்டர்களும் சேர்ந்து நடத்தினார்கள். புதுக்கோட்டையில் 1991-ல் தொடங்கி, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், படிக்கிற பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். நம் பக்கத்து அனுபவங்களைத் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் ச.தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' தேடிப் படிக்கலாம்.

அறிவொளி என்ன புதிதாகச் செய்தது? என் பார்வையில், அண்ட்ரிக்கேவுக்குக் கிடைத்த அந்த மூன்றையும் கூலிவேலை செய்பவர்களுக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

நேரம்: வகுப்பு ராத்திரியில். வேலை முடிந்து, சமையல் முடிந்து. மூன்று பாகப் பாடம், மொத்தம் சுமார் 200 மணி நேரம் என்பது திட்டம்.

ஆள்: சம்பளம் வாங்காத தொண்டர். பெரும்பாலும் அதே தெருவில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த அக்கா.

தேவை: இதில்தான் சூட்சுமமே இருக்கிறது. குழந்தைக்குச் சொல்வதுபோல் அம்மா, ஆடு, இலை என்று ஆரம்பித்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரைரே 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் கூலித் தொழிலாளர்கள் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுக்க முயன்றபோது, அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்துதான் பாடத்தைத் தொடங்கினார். வளர்ந்தவருக்கு வாழ்க்கை ஏற்கெனவே தெரியும். அதில் தன்னைக் கடிக்கிற இடம் எதுவோ அதன் எழுத்தைத்தான் அவர் முதலில் கேட்பார்.

எங்கள் ஆச்சி அப்படி ஒருத்தி. உப்பளத்தில் வேலை. மாவட்டத்துக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் இருந்த காலம். இயக்கத்தின் கணக்கு 15 வயது முதல் 35 வரை. ஆச்சிக்கு நாற்பது தாண்டிவிட்டது. பட்டியலில் பெயர் வராது. மகளைக் கொண்டுவிடுகிற சாக்கில் போய் உட்கார்ந்திருக்கிறாள். உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போயிருந்தது. பக்கத்தில் இருக்கும் எழுத்து தெரியவில்லை. முதல் பாடம் முடியுமுன் கண்ணாடி வாங்க வேண்டியிருந்தது. (இப்படிக் கண் தெரியாமல் வகுப்பை விட்டவர்கள் எத்தனை பேரோ.)

ஆச்சி முதலில் கேட்டது 'அ' இல்லை. "எண்ணைச் சொல்லிக்குடு" என்றாளாம். வாரக்கூலி நோட்டில் எத்தனை நாள் வேலை, எவ்வளவு முன்பணம், எவ்வளவு பிடித்தம் என்று எழுதியிருக்கும். கணக்கப்பிள்ளை சொல்வதுதான் தொகை. தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று இருபது வருஷமாக அவளுக்கு ஒரு சந்தேகம். சில மாதம் கழித்து ஒருநாள் நோட்டை வாங்கித் தானே கூட்டிப் பார்த்தாள்.

கணக்கு சரியாகவே இருந்தது.

இதைச் சொல்லும்போது ஆச்சி சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏமாற்றியதைக் கண்டுபிடித்தாள் என்றால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் நடந்தது அதைவிடப் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். இருபது வருஷம் ஒரு மனிதரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு, கேட்கவும் முடியாமல், நம்பவும் முடியாமல், ஒவ்வொரு சனிக்கிழமையும் கைநீட்டி வாங்கியிருக்கிறாள். எழுத்து தெரியாததன் விலை ஏமாறுவது மட்டும் இல்லை. ஏமாறவில்லை என்று தெரிந்துகொள்ள முடியாததும் அதன் விலைதான். ஆச்சிக்கு அந்த நோட்டு கூடுதலாக ஒரு பைசாகூடத் தரவில்லை. நிம்மதியைத் தந்தது.

விலை தெரிந்தவர்கள்

நமக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று பெரியவர்கள் திட்டுவார்கள். நியாயம்தான். நாம் எழுத்து கற்ற நாள் நமக்கு ஞாபகமே இல்லை. எழுத்து இல்லாமல் எப்படி இருக்கும் என்பதும் தெரியாது. நாற்பதில் கற்றவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். கடை போர்டை வாசிக்காமல் கடந்துபோகிற வாழ்க்கையையும், வாசித்துக் கடக்கிற வாழ்க்கையையும் பார்த்தவர் அவர். கேரளாவில் கார்த்தியாயினி அம்மா 2018-ல் தன் 96-வது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். 2023-ல் மறைந்தார். அந்த வயதில் அந்தச் சான்றிதழை வைத்து வேலைக்கா போகப் போகிறார்? அவருக்கு அதன் மதிப்பு வேறு கணக்கில் இருந்தது.

அதற்காக எல்லாம் இனிமையாக முடிந்தது என்றும் சொல்ல முடியாது. எழுத்தறிவு வந்ததால் உப்பளத்தில் கூலி உயரவில்லை. கற்றவர்களில் பலர் வாசிக்க எதுவும் கையில் இல்லாமல் மறந்துபோனார்கள். இன்னும் பலர் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிட்டார்கள். வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து மட்டும் போடத் தெரிவது சில சமயம் கைநாட்டைவிட ஆபத்து. ஏனென்றால் படித்துப் பார்த்துத்தான் போட்டிருப்பார் என்று எதிரில் இருப்பவர் சொல்லிவிடலாம்.

2011 கணக்கெடுப்புப்படி தூத்துக்குடி மாவட்டத்தின் எழுத்தறிவு 86.16 சதவீதம். மாநிலத்தின் 80.09-ஐ விட அதிகம். பெருமைதான். ஆனால் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினாலு பேர் அப்போது வெளியே இருந்தார்கள். 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேல் யாரும் சேரலாம். 35 என்ற மேல் வரம்பு இல்லை. ஆச்சி மாதிரி ஆட்கள் இனி சாக்கு சொல்லி உட்கார வேண்டியதில்லை. சொல்லிக்கொடுப்பவர்கள் இப்போதும் தொண்டர்கள்தான்.

நானூறு வருஷக் கதையில் எனக்குப் புரிந்தது இதுதான். புத்தகத்தைக் கொண்டுவந்து கரையில் இறக்கிவிட்டால் வாசிப்பு தானாக வந்துவிடாது. தேவை மக்களிடமே இருக்கிறது. நேரத்தை அவர்கள் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எப்போதும் குறைவாக இருந்தது மூன்றாவதுதான்: பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள்.

200 மணி நேரம் என்றால் தினம் ஒரு மணி நேரம் வீதம் ஏழு மாதம்கூட இல்லை. நம் தெருவில், நம் கல்லூரி வாசல் கடையில், ஏன் நம் வீட்டிலேயேகூட, படிவத்தை நீட்டி "இதைக் கொஞ்சம் நிரப்பிக் குடுப்பா" என்று கேட்கிறவர் ஒருவர் இருப்பார். நிரப்பிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, "சாயங்காலம் வரட்டுமா, சொல்லித் தாரேன்" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.